செக்கா, ரீஃபைண்டா? எண்ணெய்க்குள் ஓடும் கணக்கு

மாலை ஐந்து மணி இருக்கும். விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரின் கடைத்தெரு. ஒரு காலத்தில் பாத்திரக்கடையாக இருந்த இடத்தில் இப்போது மரச்செக்கு ஓடுகிறது. ‘உங்கள் கண்முன்னே ஆட்டித் தரப்படும்’ என்று வாசலில் போர்டு. வாகை மரத்தில் கடைந்த உரல், அதற்குள் உலக்கை, மாட்டுக்குப் பதில் மோட்டார். புடைத்துக் காயவைத்த எள்ளைக் கொட்டியதும் முதலில் சரசரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கி, எள் ஈர மாவாகிறது. செக்காட்டுபவர் கருப்பட்டியைத் தட்டி உள்ளே போடுகிறார், கையால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார். மாவு இறுகி உரலின் ஓரத்தில் அப்பிக்கொள்ள, நடுவில் கலங்கலாக, தேன் நிறத்தில் எண்ணெய் ஊறி நிற்கிறது. வாசனை தெருமுனை வரைக்கும் போகிறது.

வாசலில் ஒரு பாட்டி எவர்சில்வர் தூக்கோடு நிற்கிறார். அவர் பக்கத்தில் ஐந்து லிட்டர் கேனோடு ஓர் இளைஞர், கையில் செல்போன். ‘ரீஃபைண்ட் ஆயில் விஷம்’ என்று வாட்ஸ்அப்பில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்புற மளிகைக்கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன, செக்கு எண்ணெயில் பாதி விலைக்கும் கீழே. தெருக்கோடியில் ரேஷன் கடை. அங்கே பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

ஒரே தெருவில் மூன்று எண்ணெய், மூன்று விலை. எதை வாங்குவது என்று கேட்டால் பாட்டி ஒன்று சொல்வார், இளைஞர் ஒன்று சொல்வார், இதய மருத்துவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே போனது என்று தேடினால், அது எண்ணெயின் வேதியியலுக்குள் கிடக்கிறது.

பதினெட்டு கார்பன், மூன்று குணம்

எள், கடலை, சூரியகாந்தி, தவிடு, தேங்காய் என எதிலிருந்து எடுத்தாலும் சமையல் எண்ணெயில் 95 சதவீதத்துக்கு மேல் இருப்பது ட்ரைகிளிசரைடு என்ற ஒரே வகைப் பொருள். கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மிஷேல் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சோப்பை உடைத்துப் பார்த்தபோது அவருக்குப் புரிந்தது இது. அவருடைய நூல் 1823இல் வந்தது. மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார். கொழுப்பைப் பற்றி ஆராய்ந்தவருக்கு அப்படி ஓர் ஆயுள்!

எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் வருவது அந்தச் சங்கிலிகளில். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஸ்டியரிக் அமிலம், ஓலிக் அமிலம், லினோலிக் அமிலம். மூன்றிலும் கார்பன் அணுக்கள் பதினெட்டுதான். ஸ்டியரிக்கில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓலிக்கில் ஒன்று. லினோலிக்கில் இரண்டு. இந்தச் சின்ன மாற்றத்துக்கு விளைவைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓலிக் 13 டிகிரியிலேயே உருகிவிடும். லினோலிக், தண்ணீர் உறையும் குளிரிலும் உறையாமல் மைனஸ் 5 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் சங்கிலி வளைகிறது. நேரான விறகு கட்டுக்குள் அடங்கும், கோணல் விறகு அடங்காது. அவ்வளவுதான் விஷயம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் சளசளவென்று இருப்பதும் இதனால்தான்.

இரட்டைப் பிணைப்புக்கு இன்னொரு முகம் உண்டு. ஆக்சிஜன் வந்து தாக்குவது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். ஓலிக் அமிலத்தைவிட லினோலிக் அமிலம் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஆக்சிஜனோடு சேரும். மூன்று பிணைப்பு உள்ள லினோலெனிக் அமிலம் அதைவிடவும் வேகம். ஆளிவிதை எண்ணெயில் அந்த லினோலெனிக் பாதிக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் காற்றுப் பட்டதும் அது காய்ந்து படலமாகிறது, பெயின்ட்டுக்கும் வார்னிஷுக்கும் போகிறது. ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் அதே இரட்டைப் பிணைப்புதான், சட்டியில் மணிக்கணக்கில் கொதிக்கும்போது எண்ணெயைக் கெடுப்பதும்.

‘எந்த எண்ணெய் நல்லது?’ என்ற கேள்விக்கு ஒற்றை பதில் கிடைக்காமல் போவது இங்கேதான். தாளிப்புக்கா, பொரிப்பதற்கா, ஊறுகாய்க்கா, இதய நோயாளிக்கா என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

[பெட்டி] எதில் என்ன? (தோராயமாக, சதவீதத்தில்)

நல்லெண்ணெய்: ஓலிக் 40, லினோலிக் 43. கூடவே செசமின், செசமோலின் என்ற லிக்னான்கள்.

கடலை எண்ணெய்: ஓலிக் 40 முதல் 60 வரை, லினோலிக் 20 முதல் 35 வரை. ரகத்தைப் பொறுத்து மாறும்.

சூரியகாந்தி: லினோலிக் மட்டும் 60க்கு மேல். வைட்டமின் இ அதிகம்.

தவிட்டு எண்ணெய்: ஓலிக் 40, லினோலிக் 35, பால்மிட்டிக் 18. ஓரைசனால் என்ற பொருள் இதன் தனிச்சரக்கு.

தேங்காய் எண்ணெய்: 90 வரை நிறைவுற்ற கொழுப்பு. அதில் லாரிக் அமிலம் மட்டும் 47.

கடுகு எண்ணெய்: எருசிக் அமிலம் 40 முதல் 50 வரை.

பாமாயில் (பாமோலின்): ஓலிக் 43, பால்மிட்டிக் 40. இது விதையில் எடுப்பதல்ல, பழச் சதையில் எடுப்பது.

நல்லெண்ணெய் ஏன் கெடுவதில்லை?

மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் ஓர் இடத்தில் இடிக்கும். நல்லெண்ணெயில் லினோலிக் 43 சதவீதம் என்றால் அது சீக்கிரம் காறிப்போக வேண்டுமே? ஆவக்காய் ஊறுகாய் வருஷம் முழுக்க அந்த எண்ணெயில்தானே மிதக்கிறது?

காரணம் கொழுப்பில் இல்லை. கொழுப்பு அல்லாத ஒன்றிரண்டு சதவீதத்தில் இருக்கிறது. எள்ளில் உள்ள செசமோலின், சூடு பட்டால் உடைந்து செசமோல் ஆகிறது. அது ஆக்சிஜனை எண்ணெய்க்குப் பக்கத்தில் அண்டவிடாத பொருள். எண்ணெய் உலகில் இவ்வளவு வலுவான சொந்தக் காவல் வேறு எந்த விதைக்கும் கிடையாது.

இந்தப் பொருள் போலீஸ் வேலையும் பார்த்திருக்கிறது. கெட்டியாக்கிய தாவர எண்ணெயான வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்பது நாடெங்கும் நடந்தபோது, வனஸ்பதி தயாரிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதி போட்டது. சந்தேக நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் இளஞ்சிவப்பு ஏறும். போடோயின் சோதனை என்று பெயர். உள்ளே இருந்துகொண்டே காட்டிக்கொடுக்கும் உளவாளி.

தவிட்டு எண்ணெய் கதை இதற்கு நேர் எதிர். நெல்லை அரைத்துத் தவிடு பிரிந்த நிமிடத்திலிருந்து, தவிட்டில் உள்ள லைபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் சூடுகாட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யாவிட்டால், அந்தத் தவிடு மாட்டுத் தீவனத்துக்கும் சோப்புக்கும்தான். ஓரைசனாலுக்காகத் தவிட்டு எண்ணெய் வாங்குகிறவர்கள் லேபிளில் ‘பிசிகலி ரீஃபைண்ட்’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரம் போட்டுச் சுத்திகரித்தால் ஓரைசனாலின் பெரும்பகுதி சோப்புக் கசடோடு போய்விடும்.

ஆலைக்குள் என்ன செய்கிறார்கள்?

வாட்ஸ்அப் வீடியோக்கள் ‘பெட்ரோலை ஊற்றி எடுக்கிறார்கள்’ என்று சொல்வது ஹெக்சேனைத்தான். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது என்பது உண்மை. செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் பத்து சதவீதத்துக்கு மேல் எண்ணெய் தங்கிவிடும். எக்ஸ்பெல்லரில் ஆறேழு சதவீதம். ஹெக்சேனில் ஊறவைத்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கோடிக்கணக்கான பேருக்குச் சோறாக்கும் நாட்டில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. ஹெக்சேன் 69 டிகிரிக்குள் ஆவியாகிவிடும். பிறகு எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டும் கட்டம் வேறு இருக்கிறது. விற்பனைக்கு வரும் எண்ணெயில் ஹெக்சேன் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு.

அடுத்தடுத்து நடப்பவை: அமிலம் விட்டுப் பசை நீக்குவது, காஸ்டிக் சோடா விட்டு உதிரி அமிலங்களைச் சோப்பாக்கிப் பிரிப்பது, களிமண் போன்ற ஒரு மண்ணைக் கலந்து நிறம் எடுப்பது, கடைசியில் வெற்றிடத்தில் நீராவி பாய்ச்சி வாசனையை விரட்டுவது. வைட்டமின் இ, ஸ்டெரால் போன்றவற்றில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுகிறது. அதிகச் சூட்டில் கிளிசிடில் எஸ்டர் போன்ற வேண்டாத பொருள்கள் உருவாகவும் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதைப் பற்றி எச்சரித்தது.

ஆனால், போவதெல்லாம் நல்லது மட்டுமல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைப் பூஞ்சை பிடித்திருந்தது. அஃப்ளடாக்சின் என்ற நச்சு உலகத்துக்குத் தெரிய வந்தது அப்போதுதான். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நச்சு அது. பூஞ்சை பிடித்த கடலையைச் செக்கில் போட்டால் கொஞ்சம் எண்ணெயோடும் வரும். காஸ்டிக்கும் நிறம் எடுக்கும் மண்ணும் அதை அநேகமாக முழுசாக நீக்கிவிடும். பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற நச்சும் அப்படித்தான். சுத்திகரிக்காமல் பருத்தி எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது.

ஆகவே செக்கு எண்ணெயின் தரம், செக்கின் மரத்தில் இல்லை. உரலில் விழும் பருப்பில் இருக்கிறது. சொத்தை, சுருங்கல், கறுத்த பருப்பு பொறுக்காத கடையில் ஆட்டியதைவிட நல்ல பாக்கெட் எண்ணெய் மேல். இதைச் சொன்னால் செக்கு அன்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அமெரிக்கச் சண்டை, நம் வீட்டு வாசலில்

‘விதை எண்ணெய்’ என்ற பெயரே அமெரிக்காவில் இப்போது வசவாகிவிட்டது. அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர் அதற்கு எதிராகப் பேசுகிறார். 2025இல் ஒரு பர்கர் கடைச் சங்கிலி, விதை எண்ணெயை விட்டு மாட்டுக் கொழுப்பில் உருளைக்கிழங்கு பொரிக்கத் தொடங்கியதை விழாவாகவே கொண்டாடினார்கள். லினோலிக் அமிலம் உடம்பில் அழற்சியைக் கூட்டுகிறது என்பது அவர்கள் வாதம். எட்டு எண்ணெய்களைப் பட்டியல் போட்டு ஒதுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் தவிட்டு எண்ணெய் இருக்கிறது, எள் இல்லை. மேலே உள்ள பெட்டியை மறுபடி பாருங்கள். எள்ளில்தான் லினோலிக் அதிகம். வேதியியல் பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல அது.

அவர்கள் கையில் ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிட்னியிலும் மினசோட்டாவிலும் 1960களில் தொடங்கி நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் பழைய தரவுகளை 2013இலும் 2016இலும் மறுபடி அலசியபோது, லினோலிக் நிறைந்த எண்ணெய் கொடுக்கப்பட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தும் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளில் தரப்பட்ட மார்கரினில் ட்ரான்ஸ் கொழுப்பு கலந்திருக்கலாம் என்ற மறுப்பும் உடனே வந்தது. மற்ற பெரும்பாலான ஆய்வுகள் எதிர்த்திசையில்தான் போகின்றன. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் இந்த எண்ணெய்களைப் பயன்படுத்தினால் இதய நோய் குறைகிறது என்பதே அமெரிக்க இதயச் சங்கத்தின் நிலை. தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது என்று 2017இல் அது சொன்னபோது கேரளம் முதல் பொள்ளாச்சி வரை பலருக்கு மனசு வலித்தது.

ட்ரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சண்டை இல்லை. திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் செலுத்திக் கெட்டியாக்கும்போது உருவாவது அது. அந்த முறைக்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை வாங்கினார். 1937இல் டால்டா வனஸ்பதி இந்தியாவுக்கு வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளில் அதன் தகர டப்பா ஓர் அந்தஸ்தாகவே இருந்தது. இதயத்துக்கு அதைப்போலக் கெடுதல் செய்த கொழுப்பு வேறில்லை என்று தெரிவதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து ட்ரான்ஸ் கொழுப்புக்கு வரம்பு 2 சதவீதம். பேக்கரி பஃப்ஸ், கிரீம் பன் சாப்பிடும்போது இந்த வரம்பை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று இதயப் படம் போட்டிருப்பார்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. வெறும் விளம்பரம்.

வடைச்சட்டியில் மூன்றாவது நாள்

உண்மையான ஆபத்து எங்கே என்று கேட்டால், எண்ணெயின் பெயரைவிட அது எத்தனையாவது தடவை காய்கிறது என்பதில்தான். பஸ் ஸ்டாண்டு வடைக்கடையில் போய்ச் சட்டியைப் பாருங்கள். புது எண்ணெயில் பருப்பு வடை போட்டால் பெரிய குமிழ்கள் எழுந்து உடனே உடையும். பழைய எண்ணெயில் சின்னச் சின்னக் குமிழ்கள் நுரையாகச் சேர்ந்து, வடையை மூடி நிற்கும்; கலையாது. நிறம் டீ டிகாக்‌ஷனுக்குப் போயிருக்கும். கரண்டியைத் தூக்கினால் சொட்டுவதற்குப் பதில் இழையும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டதன் அடையாளம் அது. கண்ணை எரிக்கும் புகையில் அக்ரோலின் இருக்கிறது. கிளிசரால் சிதைந்து வருவது.

இப்படிச் சிதைந்த பொருள்களை மொத்தமாக அளப்பதற்கு ‘டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்குப் புத்தகமும் வைக்க வேண்டும். பெரிய ஹோட்டல்கள் கழிக்கும் எண்ணெய் தள்ளுவண்டிக்குக் கைமாறும் வழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை வழியாகக் கடைகளில் எண்ணெய் எடுக்கிறார்கள். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் காசைவிட, இன்னொரு நாள் அதிலேயே பொரிப்பது லாபம் என்று நினைக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்த வழி இன்னும் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வருவோம். முறுக்கு, அதிரசம் சுட லினோலிக் அதிகமுள்ள சாதாரண சூரியகாந்தி எண்ணெய் கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ சூடு தாங்கும். செக்குக் கடலை எண்ணெயில் பசை இருப்பதால் பொங்கும். அதற்காகத்தான் பழைய ஆட்கள் முதலில் ஒரு புளி உருண்டையைப் போட்டுப் பொரித்தெடுப்பார்கள். ஆலைக்காரர்கள் அமிலம் விட்டுப் பசை எடுப்பதை நினைவுபடுத்தும் கைவைத்தியம். சாம்பார் தாளிப்பு, வத்தக்குழம்பு, இட்லிப் பொடி, ஊறுகாய்க்கு நல்லெண்ணெயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செக்கு எண்ணெயை வாங்கினால் சில மாதங்களில் தீர்த்துவிட வேண்டும், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். சமையலறை ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் அழகுக்கு வைத்தால் சிக்கு வாடை நிச்சயம்.

எள், கடலை, சூரியகாந்தி மூன்றிலும் ஒமேகா-3 ஒரு சதவீதம்கூட இல்லை. சோயாவில் ஏழு, கடுகில் பத்து வரை உண்டு. இரண்டு மூன்று எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்லும் ஊட்டச்சத்து நிபுணர்களின் யோசனைக்கு அடிப்படை இதுதான்.

[பெட்டி] கடையில் போட வேண்டிய கணக்கு

ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் செக்கில் குறைந்தது இரண்டரை கிலோ எள் போக வேண்டும். கடலை எண்ணெய்க்கும் ஏறக்குறைய அதே அளவு பருப்பு. எள் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கு மட்டும் 375 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசில் 60 ரூபாய் கழித்தாலும் 315. கூலி, கரண்ட், கேன், வாடகை எல்லாம் இதற்கு மேல். அன்றைய எள் விலையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். அதற்குக் கீழே விற்கும் ‘மரச்செக்கு எண்ணெயில்’ வேறெதோ இருக்கிறது.

பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் எடையையும் பாருங்கள். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில கம்பெனிகள் 60 டிகிரி என்று பொடி எழுத்தில் போட்டுக் குறைத்து அடைத்ததால், வெப்பநிலை குறிப்பிடாமல் அளவைப் போடும்படி மத்திய அரசு 2022இல் உத்தரவிட்டது.

‘தீப எண்ணெய்’ என்று விற்பவை சாப்பாட்டுக்கு அல்ல. நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், கவனம்.

கலப்படம் கொன்ற கதை

1998 ஆகஸ்டில் டெல்லியில் கால் வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. தரிசில் முளைக்கும் மஞ்சள் பூ முள்செடி. அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு ரத்தக் குழாய்களைக் கசியவைக்கும். அந்தச் செப்டம்பரிலேயே சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது.

ஸ்பெயினில் 1981இல் நடந்தது இன்னும் கொடுமை. தொழிற்சாலை உபயோகத்துக்காக அனிலின் கலந்து இறக்கிய கடுகின வித்து எண்ணெயைச் சுத்திகரித்துவிட்டதாகச் சொல்லித் தெருவில் விற்றார்கள். 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். மலிவாக லூஸில் கிடைத்ததை வாங்கிய ஏழைகள்தான் இரண்டு ஊரிலும் செத்தது.

சட்டிக்கு வெளியே

எண்ணெய் ஆலையில் குப்பை என்று எதுவும் கிடையாது. காஸ்டிக் விட்டுப் பிரித்த கசடு சோப்புக்குப் போகிறது. பசை, லெசித்தினாகிச் சாக்லேட்டில் சேர்கிறது. வாசனை நீக்கும்போது ஆவியாகி வருவதிலிருந்து வைட்டமின் இ எடுத்து மாத்திரையாக்கி, அதே எண்ணெயை வாங்கியவரிடமே தனியாக விற்கிறார்கள்! தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் ஷாம்புவின் நுரை.

மருந்தகத்திலும் எண்ணெய்க்கு இடமுண்டு. மனநோய்க்கான சில ஊசி மருந்துகளை நல்லெண்ணெயில் கரைத்துத்தான் போடுகிறார்கள். தசைக்குள் போன எண்ணெய் மெதுவாகக் கரைவதால் மருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு ரத்தநாளம் வழியே ஏற்றும் பால் போன்ற திரவம் சோயா எண்ணெய். சுவீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லியோடு நல்லெண்ணெய் சேர்த்தால் வீரியம் கூடுகிறது என்று 1940இல் கண்டார்கள். இன்று கொசு ஸ்பிரேக்களில் சேர்க்கும் துணை மருந்துக்கு வழிகாட்டியது அதுதான்.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. இன்றைய பயோடீசல் முறை வேறு: எண்ணெயில் மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்தால் மூன்று சங்கிலிகளும் கிளிசராலிலிருந்து கழன்று வரும். நூறு கிலோ எண்ணெய்க்கு நூறு கிலோ டீசல், பத்து கிலோ கிளிசரின். புது எண்ணெயில் இதைச் செய்வது, சாப்பாட்டுக்கே வெளிநாட்டைப் பார்க்கும் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. வடைச்சட்டியில் மிஞ்சியதில் செய்யலாம், செய்ய வேண்டும்.

யார் கையில் நம் தாளிப்பு?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த சில வாரங்களில் நம் ஊர் மளிகைக்கடையில் சூரியகாந்தி எண்ணெய் 200 ரூபாயை நெருங்கியது. ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. யாரோ இருவர் போட்ட சண்டைக்கும் யாரோ ஒருவர் போட்ட தடைக்கும் நம் வீட்டுத் தாளிப்பு வரி கட்டியது. நிதி ஆயோக் கணக்குப்படி 2022-23இல் நாம் இறக்குமதி செய்தது 1 கோடியே 65 லட்சம் டன். உள்நாட்டு உற்பத்தி தேவையில் பாதியைக்கூடத் தொடவில்லை.

1986இல் எண்ணெய் வித்து இயக்கம் தொடங்கி, 1990களில் கிட்டத்தட்டத் தன்னிறைவை எட்டிய நாடு இது. பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. மலிவான பாமாயிலோடு கடலை விவசாயியால் போட்டி போட முடியவில்லை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி., விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் ஓடிய மானாவாரி நிலங்களில் இன்று சவுக்கும் வீட்டுமனைக் கல்லும் நிற்கின்றன. களை எடுக்கவும் கடலை பறிக்கவும் ஆள் இல்லை, காட்டுப்பன்றித் தொல்லை வேறு. 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் புதிய எண்ணெய் வித்துத் திட்டம் அறிவித்திருக்கிறது. ஓலிக் அமிலம் 80 சதவீதம் தொடும் கிர்னார் 4, கிர்னார் 5 கடலை ரகங்களும் வந்துவிட்டன. சூடு தாங்கும், காறாது, இதயத்துக்கும் ஏற்றது. வேதியியல்படி பார்த்தால் நம் பொரிப்புச் சட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் சந்தையில் அந்தக் கடலைக்கும் சாதாரணக் கடலைக்கும் ஒரே விலை என்றால் எந்த விவசாயி அதை விதைப்பார்? ரேஷனில் பாமாயிலுக்குப் போகும் மானியத்தில் ஒரு பகுதியை உள்ளூர்க் கடலை எண்ணெய்க்குத் திருப்ப வேண்டும் என்ற விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. ஒரே நாளில் முழுசாக மாற்ற முடியாது. அவ்வளவு கடலை தமிழ்நாட்டில் விளையவில்லை. ஓரிரு மாவட்டங்களில் தொடங்கலாம்.

வாங்கும் நாமும் ஒன்று செய்யலாம். இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ எண்ணெய் சாப்பிடுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரையாகச் சொல்லப்படுவது 12 கிலோ. அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் நாலரை லிட்டருக்குள் முடிய வேண்டும். ஹோட்டலில், டீக்கடையில் சாப்பிடுவதும் அதற்குள்தான். அடுத்த மாத மளிகை லிஸ்டில் எந்த எண்ணெய் என்று எழுதும் முன் எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். அளவைக் குறைத்தால் மிச்சமாகும் காசில் நல்ல எண்ணெய்க்கே கட்டுப்படியாகும்.